பிள்ளைகளை ஏற்றும் லாஸ்டன்ராட் (பாரம் ஏற்றும் சைக்கிள்): அக்கம்பக்கத்துக்கு இரவல் கொடுக்க எப்படித் தொடங்குவது?

ரூர்க்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் கிண்டர்கார்ட்டன் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் இருபதுக்கு மேல். பாதிப் பேரிடம் கார் இல்லை. கொலோன், பெர்லின், ஹனோவரில் இருப்பது போல, முன்னால் பெட்டி வைத்த லாஸ்டன்ராட் ஒன்றை வாங்கி இரவல் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நன்கொடையும் நகராட்சி உதவியும் சேர்த்துச் சுமார் 6,000 யூரோ தேறும்.

இரண்டு சக்கரமா, மூன்று சக்கரமா? முன்பதிவை எதில் நடத்துவது? பிள்ளைக்கு அடிபட்டால் பொறுப்பு யார் தலையில்? நாளுக்கு 5 யூரோ வாங்கினால் பராமரிப்புச் செலவுக்கு ஆகும் என்கிறார்கள் சிலர். வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொலோன்வாசி பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

5 யூரோ வாங்காதீர்கள். காசில்லாமல் கொடுத்தால் ஜெர்மன் குடிமைச் சட்டத்தில் அது இரவல், பிரிவு 598. அடுத்த பிரிவு 599 சொல்வது: இரவல் கொடுத்தவர் வேண்டுமென்றே செய்ததற்கும் பெரும் அலட்சியத்துக்கும் மட்டுமே பொறுப்பு. கட்டணம் வாங்கினால் அது வாடகை ஆகிவிடும். பிரிவு 536அ-வின்படி, ஒப்பந்தத்தின்போதே வண்டியில் இருந்த குறைக்கு, அது உங்களுக்குத் தெரியாமலே இருந்தாலும், நட்டஈடு கேட்கலாம். நாலைந்து யூரோவுக்காக இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். உண்டியல் வையுங்கள், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள். ஆனால் ‘குறைந்தபட்ச நன்கொடை’ என்று எழுதிவிடாதீர்கள். கட்டாயம் என்று ஆனால் அது கட்டணம்தான்.

இலவசம் என்பதால் எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்று அர்த்தமில்லை. பிரேக் தேய்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லியும் அதே வண்டியை அடுத்த நாள் கொடுத்தால் அது பெரும் அலட்சியத்தில் வந்துவிடும். தேதி, பார்த்தது, மாற்றியது, பார்த்தவர் பெயர் என்று ஒரு பராமரிப்பு நோட்டு வையுங்கள். பிரச்சினை என்று வந்தால் உங்கள் பக்கம் பேசுவது அதுதான்.

இரவல் விதிகளில் இரண்டைச் சேர்க்க மறக்காதீர்கள். பிரிவு 603-இன்படி இரவல் வாங்கியவர் உங்கள் அனுமதி இல்லாமல் வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாது. கணவர் பெயரில் பதிவு செய்து மனைவி ஓட்டுவது வீடுகளில் சாதாரணம். எனவே ‘அதே வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் ஓட்டலாம்’ என்று நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டாவது, முறையாகப் பயன்படுத்தியதால் வரும் தேய்மானம் அவர் பொறுப்பல்ல, பிரிவு 602. டயர் தேய்ந்தது, பிரேக் பேட் தேய்ந்தது என்று யாரிடமும் காசு கேட்க முடியாது.

காப்பீடு: மிதிக்கும்போது துணை தரும் 250 வாட் மோட்டார் வைத்து, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அந்தத் துணை நின்றுவிடும் வண்டி சட்டப்படி சைக்கிள்தான். அதனால் பிறருக்கு ஏற்படும் சேதம் பொதுவாக ஓட்டுபவரின் தனிநபர் பொறுப்புக் காப்பீட்டில் வரும். இரவல் வாங்கிய வண்டிக்கே சேதம் என்றால் பல பாலிசிகள் விலக்கிவைத்திருக்கும். பதிவு செய்யும்போதே ‘உங்கள் பாலிசியில் இரவல் பொருள் சேர்ந்திருக்கிறதா, பாருங்கள்’ என்று ஒரு வரி போடுங்கள்.

இதற்கென்று தனிச் சங்கம் தொடங்க அவசரப்பட வேண்டாம். பதிவு செய்யவே 7 உறுப்பினர் வேண்டும், பிறகு கணக்கு, வரி அலுவலகம் என்று இழுக்கும். ஏ.டி.எஃப்.சி. என்ற ஜெர்மன் சைக்கிள் சங்கத்தின் உள்ளூர்க் கிளையிடம் பேசிப் பாருங்கள். பெர்லினில் 2018-இல் தொடங்கிய ‘ஃப்ளோட்ட’ என்ற வண்டி இரவல் திட்டம் அந்தச் சங்கத்தின் கீழ்தான் நடக்கிறது. ஹனோவரின் ‘ஹன்னா’ இரவல் திட்டத்திலும் அவர்கள் பங்காளி.

முன்பதிவுக்கு காமன்ஸ்புக்கிங் போதும். வேர்ட்பிரஸ்ஸில் கட்டிய இணையதளத்தில் சேர்க்கும் இலவச நீட்சி (பிளகின்). 2013-இல் கொலோனில் ‘காசிமிர்’ என்ற வண்டியை இரவல் விடத் தொடங்கிய குழுவின் வேலை அது. இன்று பல ஊர்களில் அதுதான் ஓடுகிறது. அதிகபட்சம் தொடர்ந்து 3 நாள், 30 நாளுக்கு முன்பிருந்து பதிவு என்று வையுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சங்கேதச் சொல் அதிலேயே உருவாகும். அந்தப் பட்டியலை அச்செடுத்துச் சாவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டால் போதும், அவருக்குக் கணினி தேவையில்லை. வருபவர் சொல்லும் சொல் அன்றைய சொல்லோடு பொருந்த வேண்டும், அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். சாவி வைக்கும் இடம் ஞாயிறு மூடியிருந்தால், மூடிய நாளையும் தாண்டிப் பதிவு செய்ய அனுமதிக்கும் அமைப்பை மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் குடும்பங்கள் கேட்கும் வார இறுதியே யாருக்கும் கிடைக்காது.

---

சக்கரத்தடம் பதில்:

வண்டி பற்றி. மூன்று சக்கரம் பார்த்தால் பயமில்லாமல் இருக்கும், நின்றால் சாயாது. அதனாலேயே புதியவர்கள் அதைக் கேட்பார்கள். ஆனால் சாயாத மூன்று சக்கர வண்டி வளைவில் வேகமாகப் போனால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். சைக்கிள் ஓட்டிப் பழகிய உடம்பு வளைவில் தானாகச் சாயப் பார்க்கும், வண்டியோ சாயாது. சாலை ஓரத்துச் சரிவிலும் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். தினமும் ஓட்டும் சொந்தக்காரருக்கு இது பழகிவிடும். மாதம் ஒருமுறை இரவல் வாங்குபவருக்குப் பழகாது. இரண்டு சக்கர நீள வண்டி முதல் பத்து நிமிடம் ஆடும், பிறகு சாதாரண சைக்கிள் போலத்தான். என் தேர்வு இரண்டு சக்கரம். ஓட்டுபவர்களில் மூட்டுவலி, சமநிலைக் குறை உள்ளவர்கள் அதிகம் என்றால் மட்டும் மூன்று சக்கரம்.

6,000 யூரோவில் மோட்டார் வைத்த குடும்ப வண்டி வாங்கலாம், ஆனால் எல்லாவற்றையும் வண்டியிலேயே கொட்டிவிடாதீர்கள். பூட்டு, மழைக்கூரை, காப்பீடு, முதல் வருடச் சர்வீஸுக்கு 800 யூரோவாவது ஒதுக்கி வையுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் முன்னும் பின்னும். வண்டி நின்றிருக்கும்போதே மாற்றக்கூடிய ஹப் கியர் (பின்சக்கர நடுவுக்குள் இருக்கும் கியர்), ஏனென்றால் பாரத்தோடு சிக்னலில் நிற்கும்போது எல்லோரும் பெரிய கியரில்தான் நிற்பார்கள். கருவி இல்லாமல் ஏற்றி இறக்கும் சீட் கம்பி, ஏனென்றால் காலையில் 1.55 மீ. உயர அம்மா, மாலையில் 1.90 மீ. உயர அப்பா. பெட்டியில் இரண்டு பிள்ளைக்கு ஆளுக்கொரு மும்முனை பெல்ட்.

எடையைக் கூட்டிப் பாருங்கள். வண்டி 50 கிலோ, ஓட்டுபவர் 85, இரண்டு பிள்ளைகள் 35, கடைச் சாமான் 15. இதுவே 185. வண்டிச் சட்டத்தில் (ஃபிரேமில்) ஒட்டியிருக்கும் அனுமதி எடை 180 என்று இருந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஆகாது. கார்கோ வண்டிகளுக்கென்று 2020-இல் வந்த டி.ஐ.என். 79010 என்ற ஜெர்மன் தரத்துக்கு ஏற்றது என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய வண்டி வாங்கினால் கூடுதல் எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்துப் பாதுகாப்பு ஆணையம், ஃபிரேம் முறியும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி பாபோ என்ற நிறுவனத்தின் கார்கோ வண்டிகளின் விற்பனையை நிறுத்தி, சில மாடல்களைத் திரும்பப் பெறச் சொன்னது. இரண்டாம் கை விளம்பரங்களில் மலிவாக வருவதில் அந்த மாடல்களும் இருக்கலாம். ஃபிரேம் எண்ணை வாங்கித் திரும்பப்பெறும் பட்டியலில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பூட்டு: பின்சக்கரத்தில் வளையப்பூட்டு, அதில் செருகும் சங்கிலி ஒன்று. சங்கிலி 120 செ.மீ.க்குக் குறைந்தால் தடித்த ஃபிரேமைச் சுற்றிக் கம்பத்தை எட்டாது. எட்டாவிட்டால் யாரும் கம்பத்தில் கட்ட மாட்டார்கள். நிலையான பொருளோடு கட்டியிருக்க வேண்டும் என்று திருட்டுக் காப்பீட்டில் நிபந்தனை இருந்தால் பணம் வராது. பேட்டரிக்கும் பூட்டுக்கும் ஒரே சாவியாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று சாவிக் கொத்தில் ஒன்று எப்படியும் காணாமல் போகும்.

சாலைச் சட்டம் பிரிவு 21: பிள்ளைகளை ஏற்றி ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஆள் ஏற்றவே கட்டிய வண்டியில் 7 வயதுக்கு மேற்பட்டவர்களையும் ஏற்றலாம்.

---

வடமராட்சியான் பதில்:

தம்பி, நல்ல முயற்சி. வண்டி வாங்கிறது லேசு. கிழமைக்கு ஒருக்கா அதைப் பாக்கிற ஆள் ஆர் எண்டதை முதல் முடிவெடுங்கோ. ரெண்டு பேர் வேணும், ஒராள் ஊருக்குப் போனால் மற்றாள் பாக்க.

முதல் தரம் எடுக்க வாறவைக்கு 15 நிமிசம் கட்டாயம் ஒதுக்குங்கோ. வெறும் வண்டியை வாகனம் இல்லாத இடத்தில ஓட்டச் சொல்லுங்கோ. எல்லாரும் முன்சில்லைப் பாப்பினம். அது பெட்டிக்கு அங்கால தூரத்தில கிடக்கு, அதைப் பாத்தால் ஹேண்டில் ஆடும். பத்து மீற்றர் முன்னுக்குப் பாக்கச் சொன்னால் நேராப் போகும். பிறகு 20 கிலோ அரிசி மூட்டையைப் பெட்டிக்குள்ள வைச்சு ஒரு சுற்று, ஒரு சடுதிப் பிரேக். அதுக்குப் பிறகுதான் பிள்ளை. ஸ்டாண்ட் முழுசா இறங்கிப் பூட்டினாப் பிறகுதான் பிள்ளை ஏறவும் இறங்கவும் வேணும். சரிவில நிப்பாட்டினால் ஸ்டாண்டில நிக்கிற வண்டியே முன்னுக்கு உருளும், பிரேக்கைக் கட்டி வைக்க ஹேண்டிலில ஒரு ரப்பர் வளையம் கொழுவி விடுங்கோ.

கிழமை வேலை: ரெண்டு ரயருக்கும் காத்து. அளவு ரயரின்ர பக்கத்தில எழுதியிருக்கு, பாரம் ஏத்திற வண்டிக்கு அதின்ர மேல் பாதியில வையுங்கோ. காத்துக் குறைஞ்சு விளிம்புக் கல்லில ஏறினால் ரியூப்பில பாம்பு கடிச்ச மாதிரிப் பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை விழும். ஹேண்டிலில இருந்து முன்சில்லுக்குப் போற நீளக் கம்பியின்ர ரெண்டு முனையிலயும் இருக்கிற மூட்டுகளைக் கையால ஆட்டிப் பாருங்கோ. கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் வண்டி குடுக்கக் கூடாது. ஸ்டாண்ட் போல்ட் எப்பவும் தளரும், நூல்பசை (திருகு தளராமப் பிடிக்கிற பசை) போட்டு இறுக்குங்கோ. பிரேக் பேட்டில தேயிற பகுதி 1 மி.மீ. ஆனால் மாத்துங்கோ. பாரவண்டியில பேட் நினைக்கிறதை விடக் கெதியாத் தேயும்.

ஆரும் கவனிக்காத சாமான் பெல்ட் கொக்கி. விளையாட்டுத் திடல் மணலும் பிஸ்கட் தூளும் உள்ளுக்குப் போனால் ‘கிளிக்’ எண்டு சத்தம் வரும், ஆனால் பூட்டியிராது. மாதம் ஒருக்கா இளஞ்சூட்டுத் தண்ணியில அலசிக் காய விடுங்கோ. எண்ணெய் விடாதேங்கோ, மணல் இன்னும் ஒட்டும். மழைக்கூரையை ஈரத்தோட மடிச்சால் ரெண்டு நாளில பூஞ்சணம்.

பேட்டரியைக் கழட்டி உள்ளுக்கு வைச்சு, அதோட வந்த சார்ஜரில மட்டும் ஏத்துங்கோ. உறைபனிக் குளிரில நிண்ட பேட்டரியை உடன கொழுவக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும். படிக்கட்டில, வெளியேறிற வழியில சார்ஜ் வேண்டாம். 500 வாட்-மணிப் பேட்டரிக்கு ஒருக்கா ஏத்த அரை யூனிட் சொச்சம்தான் மின்சாரம், சாவியும் வண்டியும் வைக்கிற கடைக்காரருக்கு அதைச் சொன்னால் மறுக்க மாட்டினம்.

---

ரூர்க்கரை:

மிக்க நன்றி. கொலோன்வாசி, சக்கரத்தடம், வடமராட்சியான் அண்ணா, எல்லாம் குறித்துக்கொண்டேன். இன்னும் ஒன்று: சாவி வைக்கச் சம்மதித்திருக்கும் மருந்துக்கடை 6 மணிக்கு மூடிவிடும். பெற்றோர் வேலை முடிந்து வர 7 ஆகும். எண் போட்டுத் திறக்கும் சாவிப்பெட்டி வைக்கலாமா?

---

கொலோன்வாசி:

திருப்பிக் கொடுக்க மட்டும் வையுங்கள், எடுக்க வேண்டாம். எடுக்கும்போது ஆளைப் பார்க்காவிட்டால் அடையாள அட்டையும் பயிற்சியும் கேள்விக்குறிதான். சாவியை உள்ளே போட்டால் வெளியே எடுக்க முடியாத தபால்பெட்டி போன்ற துவாரம் கடையில் இருந்தால் அது எண் பெட்டியைவிட நல்லது, எண்ணை மாற்றும் வேலையே இல்லை. விட்டுப் போகும்போது வண்டியின் இரு பக்கமும், பூட்டிய சங்கிலியும் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரியும் இரவு முழுதும் வெளியே நிற்கும், அதனால் பனிக்காலத்தில் இந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

எடுப்பதற்கு இன்னொரு இடம் தேடுங்கள். கிண்டர்கார்ட்டனே சரியான இடம், பெற்றோர் தினமும் வருகிறார்கள். ஆனால் அங்கே வைத்தால் அதே நாலு வீடுகள் எல்லா வார இறுதியையும் பிடித்துவிடும். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு வார இறுதி, வார நாட்கள் காலியாக இருந்தால் எத்தனை முறையும் எடுக்கலாம் என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். பிறகு கொண்டுவந்தால் சண்டைதான் வரும்.