வெளிநாட்டு டீம் வந்தால்தானா?

தெஹிவளைக்காரன்

அக்காவின் பேரனுக்கு இருதயத்தில் ஓட்டை என்று போன மாதம் எக்கோ ஸ்கேனில் சொன்னார்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே கிளினிக்கில் டொக்டர், "அவசரமில்லை, திகதி தருகிறோம், சத்திரசிகிச்சையை இங்கேயே செய்யலாம்" என்கிறார். ஆனால் அத்தானுக்கு, இங்கே வந்து சத்திரசிகிச்சை செய்துபோகும் வெளிநாட்டு டொக்டர்களின் டீம் தொட்டால்தான் மனம் ஆறும். இல்லாவிட்டால் சென்னையாம். இப்படியான டீம்களோடு வேலை செய்தவர்கள், பிள்ளைக்குச் செய்வித்தவர்கள் கொஞ்சம் எழுதுங்களேன்.

வெள்ளவத்தை மிஸ்

நான் பிள்ளைகளின் இருதய ஐசியூவில் தாதியாக இருந்தவள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். டீம் என்றதும் எல்லாரும் சேர்ஜனைத்தான் நினைப்பார்கள். எனக்கு மறக்காதது அவர்களோடு வந்த ஒரு தாதி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலோரமாக நிற்பார். எதையும் தொடமாட்டார், கேள்வி மட்டும் கேட்பார்.

சத்திரசிகிச்சை முடிந்து வரும் பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஒரு குழாய் போத்தலுக்கு இறங்கும். போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி, மணிக்கொரு தரம் இரத்தத்தின் அளவுக்கு நேரே பேனையால் கோடு போடுவோம். ஒரு இரவு, நன்றாக வந்துகொண்டிருந்த இரத்தம் திடீரென்று நின்றுவிட்டது. என்னோடு நின்ற இளம் தாதி, "அப்பாடா, நிண்டிட்டுது" என்றாள். அந்த வெளிநாட்டுத் தாதி கோட்டைப் பார்த்தார். "போன மணிக்கு இவ்வளவு, இந்த மணிக்கு ஒன்றுமில்லை. ஏன்?" என்று கேட்டார், அவ்வளவுதான். இரத்தம் படிப்படியாகக் குறைந்தால் நல்லது. சட்டென்று நின்றால் குழாயில் கட்டி அடைத்திருக்கலாம். அப்போது உள்ளே தேங்கும் இரத்தம் இருதயத்தைச் சுற்றி நெருக்கும். பிரஷர் இறங்கத் தொடங்கியிருந்தது. டொக்டரை எழுப்பினோம், பிள்ளையைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று, பிள்ளையைத் தியேட்டரிலிருந்து ஐசியூவுக்கு ஒப்படைக்கிற விதம். முன்பென்றால் சந்தைதான்: ஒருவர் வயரை மாட்ட, ஒருவர் மருந்தைச் சொல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். அவர்கள் பழக்கியது வேறு. முதலில் வென்டிலேட்டரும் மொனிட்டரும் மாட்டப்படும். பிறகு எல்லாரும் வாயை மூட, மயக்க மருந்து டொக்டர் சொல்வார், அடுத்து சேர்ஜன். கடைசியில் தாதி கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது முடியும்வரை யாரும் நகரக் கூடாது. எங்கள் பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. தாதி பேச, சேர்ஜன் நின்று கேட்பதா!

அமெரிக்காவின் பொஸ்டன் பிள்ளைகள் ஆஸ்பத்திரி முன்னின்று, பல நாட்டு ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து 2008 அளவில் தொடங்கிய பிள்ளைகளின் இருதய சத்திரசிகிச்சைக் கூட்டுத் திட்டமும் இதே வழிதான். அவர்கள் பிடித்துக்கொண்டது மூன்று விடயம்: கிருமி தொற்றாமல் பார்ப்பது, சத்திரசிகிச்சையைப் பத்திரமான ஒழுங்கில் செய்வது, டொக்டரும் தாதியும் ஒரே குழுவாக வேலை செய்வது. ஒவ்வொரு பிள்ளையின் முடிவையும், நல்லதோ கெட்டதோ, பதிய வேண்டும். 17 நாடுகளின் 28 ஆஸ்பத்திரிகளில் 2010 முதல் 2012 வரை பார்த்ததில் இறப்பும் குறைந்தது, தொற்றும் குறைந்தது. இதற்கென்று புது மெஷின் ஒன்றும் வரவில்லை.

கொட்டாஞ்சேனை அப்பா

என் மகளுக்கு ஃபாலோ, அதாவது நாலு குறை சேர்ந்து வரும் பிறவி இருதய நோய். ஓடிக்கொண்டிருந்தவள் நடுவில் அப்படியே குந்திவிடுவாள், உதடு நீலம் பாயும். குந்தும்போது நுரையீரலுக்குப் போகும் இரத்தம் கூடுகிறதாம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றார் டொக்டர்.

சென்னைக்குக் கொண்டுபோகத்தான் ஓடித் திரிந்தோம். கிராம சேவகரிடம் கடிதம், ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பம், பேப்பரில் பிள்ளையின் படத்தோடு உதவி கேட்டு விளம்பரம். அந்த விளம்பரத்தை இன்று பார்த்தாலும் கூசும். அதற்கிடையில் இங்கேயே திகதி கிடைத்தது. அந்த நேரம் வெளிநாட்டு டீமும் வந்திருந்தது.

முடிந்து வெளியே வந்த வெளிநாட்டு டொக்டரின் கையைப் பிடித்து மனைவி அழுதாள். அவர் பக்கத்தில் நின்ற நம்மாளைக் காட்டி, "தைத்தது இவர், நான் எதிர்ப்பக்கம் நின்றேன்" என்றார். பிறகு பேப்பரில் வந்த படத்தில் நம்மாள் இல்லை. எனக்கு இன்னும் அந்த எரிச்சல் போகவில்லை.

மகள் இப்போது ஏ.எல். படிக்கிறாள். கிளினிக் மட்டும் விடுவதில்லை. இன்னொன்று, பல்லில் கவனமாக இருங்கள். பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் போய் இருதயத்தில் தங்கலாமாம். பல் டொக்டரிடம் போனால் முதலில் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

மெஷின் திருத்துபவன்

கொழும்பில் மருத்துவ உபகரணம் திருத்துவது என் தொழில். நன்கொடையாக வந்த மெஷினுக்கு மாலை போட்டு வரவேற்பார்கள். இரண்டு வருடத்தில் ஒரு பாகம் பழுதானால் அதை விற்க இங்கே ஏஜென்ட் இல்லை. சத்திரசிகிச்சை நேரம் இருதயத்தின், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் இருந்தால் மட்டும் போதாது, அதில் மாட்டும், இரத்தத்தில் ஒக்சிஜன் சேர்க்கும் ஒக்சிஜனேட்டர் ஒரு பிள்ளைக்கு ஒன்று, கழற்றினால் வீசவேண்டியதுதான். கைக்குழந்தைக்கு ஒரு அளவு, பெரிய பிள்ளைக்கு வேறொரு அளவு. 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது இப்படியான சாமான் எல்லாம் என்ன பாடுபட்டது என்று ஸ்டோர்காரரைக் கேளுங்கள். வருகிற டீம் மெஷினைத் தராமல் அடுத்த வருடச் சாமானுக்கு வழி செய்தால் கும்பிடுவேன்.

பொரளை ஜூனியர்

பயிற்சி டொக்டர் நான். மெஷின் அண்ணை சொன்னது சரி, ஆனால் டீமே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1969இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் ஹார்ட்லிங்க் என்ற தொண்டு நிறுவனம் முதலில் பிள்ளைகளைத்தான் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனது. பிறகு டீம்களை அனுப்பியது. இப்போது ஒரே ஆஸ்பத்திரியோடு பல வருடம் நின்று ஆட்களைப் பழக்குகிறது, இந்தியாவில் கொச்சி அம்ரிதா ஆஸ்பத்திரி அப்படி வளர்ந்த இடங்களில் ஒன்று. இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. ஆயிரம் பிறப்பில் சுமார் 8 பிள்ளைகளுக்கு இருதயக் குறை இருக்கிறது, எத்தனை பேரை விமானத்தில் ஏற்றுவது? பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம் மாறிப் பிறக்கும் பிள்ளைக்கு முதல் சில வாரங்களுக்குள் மாற்றித் தைக்க வேண்டும், தாமதித்தால் இடது அறை பலம் இழந்துவிடும். அந்தப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்குள் காலம் போய்விடும். ஊரில் செய்யத் தெரிந்தவர் இருந்தால்தான் உண்டு.

வெள்ளவத்தை மிஸ்

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022க்குப் பிறகு டொக்டர்மாரும் தாதியரும் எத்தனை பேர் வெளிநாடு போனார்கள்! என்னோடு பழகிய பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், சம்பளம் அப்படி. ஆனால் புதிதாக வருபவர்களை முதலிலிருந்து பழக்க வேண்டும், ஒரு வாரம் வந்து போகிற டீமால் அது ஆகாது.

தெஹிவளை அண்ணை, அத்தானிடம் சொல்லுங்கள், சேர்ஜன் எந்த நாட்டவர் என்று கேட்க வேண்டாம். இதே சத்திரசிகிச்சையை இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா என்று கேட்கட்டும். முதல் இரவு ஐசியூவில் ஒரு தாதிக்கு எத்தனை பிள்ளை என்றும் கேட்கட்டும். ஒன்று என்று பதில் வந்தால் அக்காவை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லலாம்.