பியேசோ தட்டில் செய்த நீரடி மைக்: பேஸ் இல்லை, இரைச்சல் மட்டும். எங்கே பிழை?

நீர்ச்சிலந்தி:
கொழும்புக்கு அருகே பெத்தகான ஈரநிலத்தில், தியவன்னா ஓயாப் பக்கம் தண்ணீருக்குள் பதிவு செய்து இருபது நிமிட இசைத்துண்டு ஒன்று கட்டும் திட்டம். 27 மில்லிமீற்றர் பியேசோ தட்டு (அதிர்ந்தால் மின்சாரம் தரும் மெல்லிய வட்டு), 3 மீற்றர் ஷீல்ட் வயர், நேரே றெக்கோடரின் மைக் வாய். கேட்பதெல்லாம் தகரத்தில் நகம் கீறுகிற மாதிரி. அடியில் ஒரு "உம்ம்" வேறு. வயரைக் குறைக்க வேண்டுமா, பெரிய தட்டு வாங்க வேண்டுமா? பதிவைப் பிறகு பியூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளில் சின்னஞ்சிறு துகள்களாக வெட்டி, எல்.டி.ஆர் வெளிச்ச உணரியால் ஓட்ட விருப்பம். அதற்கும் யோசனை சொல்லுங்கோ.

ஓம்விதி:
தட்டையும் வயரையும் விடுங்கோ. பியேசோ மின்சாரக் கணக்கில் ஒரு கொள்ளளவி; 27 மி.மீ தட்டு ஏறக்குறைய 20 நனோபராட். அது உள்ளீட்டுத் தடையோடு சேர்ந்தால் தாழ்ந்த சுரங்களை வடிகட்டிவிடும். வெட்டும் இடம் 1/(2πRC); R தடை, C கொள்ளளவு. மைக் வாய் 2 கிலோ ஓம் என்றால் கிட்டத்தட்ட 4,000 ஹேர்ட்ஸ்! அதற்குக் கீழே எல்லாம் சரிவுதான். அதே தட்டு 1 மெகா ஓமைப் பார்த்தால் 8 ஹேர்ட்ஸ். ஈக்குவலைசரில் பேஸை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

ஓடியோ இன்டர்பேஸ் இருந்தால் முதலில் அதன் கிற்றார் உள்ளீட்டில் செருகிப் பாருங்கோ, பெரும்பாலும் 1 மெகா ஓம்தான். வெளியிடத்துக்கு என்றால் ஒரு ஜேபெட் போதும் (உள்ளீட்டுத் தடை மிக உயர்ந்த ட்ரான்சிஸ்டர்; 2என்5457, 2என்3819, ஜே201, எதுவானாலும்). அதன் மூன்று கால்கள் கேற், டிரெயின், சோர்ஸ். தட்டின் வெள்ளிப் பக்கம் கேற்றுக்கு. கேற்றிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம். டிரெயின் 9 வோல்ற் பற்றரிக்கு. சோர்ஸிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம், அதே சோர்ஸிலிருந்து 10 மைக்ரோபராட் வழியாக வெளியே. கொள்ளளவியின் பிளஸ் கால் சோர்ஸ் பக்கம். இது சத்தத்தைக் கூட்டாது, தடையை மட்டும் மாற்றும். ஆகவே மறுபடியும் மைக் வாயிலேயே செருகலாம், ஆனால் றெக்கோடரின் பிளக்-இன் பவரை (மைக்குக்கு அது அனுப்பும் சிறு மின்னழுத்தம்) அணைத்துவிட்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது எண்ணை வாசித்து வாங்குங்கோ. "பெற்" என்றால் மொஸ்பெற் என்ற வேறு வகையை நீட்டிவிடுவார்கள். கால்களின் ஒழுங்கும் எண்ணுக்கு எண் மாறும்.

வயர் மீற்றருக்கு 100 பிக்கோபராட் என்றாலும் மூன்று மீற்றருக்கு 300தான். 20 நனோபராட்டுக்கு முன்னால் அது தூசு. சேர்க்கிட்டைக் கரையில் வைக்கலாம்.

சதுப்புக்காது:
ஓம்விதி சொன்னது சரி, ஆனால் அதில் பாதிதான் தீரும். ஆழம் எவ்வளவு? அரை மீற்றர்த் தண்ணீரில் தாழ்ந்த ஒலி தூரம் போகாது. கடினமான அடித்தளம் என்று வைத்தாலும் எல்லை c/4H (c தண்ணீரில் ஒலியின் வேகம், விநாடிக்கு 1500 மீற்றர்; H ஆழம்), அதாவது 1500 ÷ 2 = 750 ஹேர்ட்ஸ். வாயு நிறைந்த சேறு என்றால் நிலைமை இன்னும் மோசம். சேர்க்கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தூரத்து பேஸ் வராது, பக்கத்தில் நடப்பதுதான் வரும். அதைக் குறையாக நினைக்காதீர்கள்: வெயில் ஏறினால் நீர்ச்செடிகள் ஒட்சிசன் குமிழி விடும் டிக்-டிக், பூச்சிகள் உரசும் கிறீச், இதெல்லாம் மேல்சுரம்தான். பறவைக்கு விடியல், தண்ணீருக்கு மதியம்.

"உம்ம்" 50 ஹேர்ட்ஸ் மின் இரைச்சல். வயரின் ஷீல்டைப் பித்தளைப் பக்கத்துக்குக் கொடுங்கள். சேர்க்கிட்டை ரின்மீன் ரின்னுக்குள் வைத்து, ரின்னையும் தரையோடு இணையுங்கள். லப்டொப்பில் பதிந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள்.

வெள்ளிப் பக்கத்தில் சோல்டர் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் வெள்ளி உரிந்து வந்துவிடும், பிறகு தட்டு குப்பைக்குத்தான். முதலில் கியூட்டெக்ஸ் ஒரு பூச்சு, காய்ந்த பின் மெல்லிய இப்பொக்சி. ஐந்து நிமிட வகை நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தால் ஊறும், 24 மணிநேர வகையை எடுங்கள். தடிப்பாகப் பூசினால் தட்டு வளைய முடியாமல் சத்தம் குறையும். வயர் தட்டோடு சேரும் இடத்தில்தான் முதலில் கசியும். இறக்கும் முன் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்தால் காற்றுக்குமிழி ஒட்டாது. தூண்டில் ஈயம் கட்டித் தொங்கவிடுங்கள், கையில் பிடித்தால் வயர் உரசல்தான் பதியும்.

கரையில் குந்த வேண்டாம். கொழும்பு 2018 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் ஆனது. முதலைகளுக்கும் அந்தச் செய்தி எட்டியிருக்கும். மரப்பாதையிலிருந்து இறக்குங்கள்.

துகள்:
வெட்டும் பகுதிக்கு வருகிறேன். ஒரு துகள் 40 முதல் 80 மில்லிவிநாடி, ஹான் வடிவ உறை (சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்), நான்கு ஒன்றன்மேல் ஒன்று. உறை இல்லாவிட்டால் ஒவ்வொரு துகளின் ஓரத்திலும் "டிக்" விழும், உங்கள் குமிழியின் டிக்கோடு அது குழம்பிவிடும். விநாடிக்கு 50 துகளைச் சீராக விட்டால் 50 ஹேர்ட்ஸ் சுரம் ஒன்று தானாக முளைக்கும். ரின்னுக்குள் பூட்டிய பேயைக் கதவு திறந்து விட்ட மாதிரி! இடைவெளியை 30 சதவீதம் முன்னும் பின்னும் தற்செயலாக்குங்கள்.

எல்.டி.ஆருக்குத் தொடராக எல்லோரும் 10 கிலோ ஓம் தடை போடுவார்கள். கொழும்பு வெயிலில் எல்.டி.ஆரின் தடை சில நூறு ஓமுக்கு, அதற்கும் கீழே, இறங்கிவிடும். உணரியை வாசிக்கும் ஆர்டுயினோ பலகை தன் உச்ச எண்ணான 1023க்கு அருகே ஒட்டிக்கொண்டு அசையாது. வெளியே 470 ஓம் அல்லது 1 கிலோ ஓம் போடுங்கள். விநாடிக்கு 20 வாசிப்புப் போதும், ஒவ்வொன்றிலும் y = y + 0.05(x − y) என்று (x புதிய வாசிப்பு, y மென்மையான எண்) மென்மையாக்கினால் ஒரு விநாடியளவு தாமதத்தோடு வழுவழுப்பாக வரும்.

வெளிச்சத்தைச் சுருதியோடு கட்டுவது எனக்குப் பிடிக்காது. மேகம் வந்தால் சுரம் இறங்கும் என்று கேட்பவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். வெளிச்சம் மாறும் வேகத்தை எடுத்துத் துகளின் அடர்த்திக்குக் கொடுங்கள். ஒக்டோபர் பின்னேரத்தில் மழை கறுக்கும்போது அதுதான் பேசும்.

நீர்ச்சிலந்தி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: ஆர்டுயினோவும் பதிவும் ஒரே லப்டொப்பில் ஓடலாமா?

ஓம்விதி:
வேண்டாம். யூ.எஸ்.பி தரை வழியாகக் "கீய்ய்" என்று ஒன்று ஏறும். தண்ணீரை றெக்கோடரில் பதியுங்கோ, உணரி எண்களை நேரத்தோடு தனிக் கோப்பில் எழுதுங்கோ. தொடக்கத்தில் மைக்கை ஒருமுறை தட்டி, அதே கணம் எல்.டி.ஆரைக் கையால் மூடினால் இரண்டையும் பிறகு பொருத்தலாம்.