ஊர்த் திடல்ல அஞ்சு ராத்திரி படம்: திகிலும் துப்பறியறதும் வேண்டவே வேண்டாமா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
மே மாசம் அம்மன் திருவிழா முடிஞ்ச கையோட திடல்ல அஞ்சு ராத்திரி படம் போடறதா இளைஞர் மன்றத்துல பேச்சு. 300 பேர் வரைக்கும் வருவாங்க. முன்னாடி பாய், பின்னாடி நாற்காலி. படத்தோட உரிமையாளர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கற வேலை தனியா நடக்குது. இங்க கேள்வி, எந்த வகைப் படம்ங்கறதுதான்.

மன்றத்துப் பசங்க கொடுத்த பட்டியல்: கைதி, பீட்சா, துருவங்கள் பதினாறு, அந்த நாள், கடைசி விவசாயி. இந்த அஞ்சுமே திடலுக்கு ஆகாதுன்னு சொல்றேன். அங்க வந்து உட்கார்றவர் சினிமா ஆராயறவர் இல்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, சாப்பிட்டுட்டு, ஏழே முக்காலுக்கு வருவார். கொலை நடந்து அரை மணி ஆனப்புறம் வர்றவருக்கு யார் யாரைத் தேடறாங்கன்னே புரியாது. குழந்தைங்க பேய்ப் படத்துல அழும், அம்மாக்கள் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. மெதுவா நகர்ற படம்னா செல்போனை எடுத்துடுவாங்க.

என் பட்டியல்: காதலிக்க நேரமில்லை, மைக்கேல் மதன காமராஜன், திருவிளையாடல், சந்திரமுகி, காக்கா முட்டை. சிரிப்பு, பாட்டு, குடும்பம். எதிர்க்கறவங்க காரணத்தோட வாங்க.

வெள்ளித்திரை (தருமபுரி):
அண்ணா, வகையைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்க. 12 அடி அகலத் திரைன்னா உயரம் 6.75 அடி, பரப்பு ஏறக்குறைய 7.5 சதுர மீட்டர். நிஜமாவே 3000 ஏஎன்எஸ்ஐ லூமென் (முறையா அளந்த மொத்த வெளிச்சம்) தர்ற புரொஜெக்டர் வச்சா வெள்ளைக் காட்சியில திரை மேல 400 லக்ஸ் (ஒரு சதுர மீட்டர்ல விழற வெளிச்சத்தோட அளவு) விழும். பக்கத்துல எல்இடி தெருவிளக்கு ஒண்ணு இருந்து அதுல இருந்து 10 லக்ஸ் விழுதுன்னு வைங்க. அப்போ உங்க திரையில கறுப்பே கிடையாது, எல்லாக் கறுப்பும் 10 லக்ஸ் சாம்பல். பகல் காட்சிக்கு அது ஒண்ணும் செய்யாது. இருட்டுக் காட்சியில ஒரு முகம் வெள்ளையில நூத்துக்கு மூணு பங்குதான் இருக்கும், அதாவது 12 லக்ஸ். 10 லக்ஸ் சாம்பல் மேல 12 லக்ஸ் முகம் எங்க தெரியும்?

கைதி முழுக்க ஒரே ராத்திரியில நடக்கற கதை. அகலத்திரைப் படம் வேற, அதனால மேலயும் கீழயும் பட்டை விழுந்து 12 அடித் திரையில படத்தோட உயரம் அஞ்சு அடிதான் நிக்கும். பீட்சாவுல பங்களாவுக்குள்ள டார்ச் வெளிச்சத்துலயே ரொம்ப நேரம் ஓடும். இந்த ரெண்டும் வேண்டாம்னு நானும் சொல்றேன். ஆனா காரணம் ஜனங்களோட ரசனை இல்ல, தெருவிளக்கு.

திரையை 20 அடியாக்கிடலாம்னு யாராவது ஆசைப்பட்டா அதையும் தடுங்க. பரப்பு கிட்டத்தட்ட மூணு மடங்காகும், வெளிச்சம் 400-ல இருந்து 140 லக்ஸ் பக்கம் இறங்கிடும். இணையத்துல மலிவா விக்கற புரொஜெக்டர் பொட்டி மேல 9000 லூமென்னு அச்சடிச்சிருந்தா நம்பாதீங்க. ஏஎன்எஸ்ஐ அளவு எவ்வளவுன்னு கேளுங்க. பல பெட்டிகள்ல அது 300-ஐக் கூட தாண்டாது.

மாந்தோப்பு:
சுத்தி வந்து நான் சொன்ன இடத்துலதான் நிக்கறீங்க தம்பி. திகிலும் துப்பறியறதும் பெரும்பாலும் ராத்திரியிலதான் நடக்குது. காரணம் எதுவா இருந்தா என்ன, பட்டியல்ல இருந்து போகணும்.

வெள்ளித்திரை:
இல்லீங்கண்ணா, காரணம் தப்பா இருந்தா தப்பான படம் வெளிய போகும். உங்க சந்திரமுகியும் பேய்ப் படம்தான், பங்களா முழுக்க விளக்கு போட்டு எடுத்தது, அதனால திடல்ல நிக்கும். அந்த நாள் (1954) கறுப்பு வெள்ளை. வீட்டுக்குள்ள, முகத்துல ஒரு பக்கமா வெளிச்சம் விழற மாதிரி நிறைய காட்சிகள். வெள்ளைப் பகுதி நல்ல வெள்ளையா இருக்கறதால முகம் தெரியும். பழைய சதுர வடிவம், 12 அடித் திரையில ஒன்பதே கால் அடி அகலத்துக்கு முழு உயரமும் கிடைக்கும். வெளிச்சக் கணக்குல கைதியை விட அது மேல்.

பென்னாகரத்தாள் (பென்னாகரம்):
"சாதாரண ஆளுக்கு இது புரியாது, இது பிடிக்காது"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா அதே ஜனங்கதான் விடிய விடியக் கூத்துப் பாக்கறாங்க. அர்ச்சுனன் தபசுக்கு மரத்துல ஏறி ஒவ்வொரு படியிலயும் நின்னு பாடற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கிட்டுக் காத்திருக்காங்க. அதை விடவா மெதுவான காட்சி இருக்கு? பொறுமை இல்லாத கூட்டம் இல்ல அது.

மாந்தோப்பு:
அக்கா, பாரதத்துக்கும் சினிமாவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. பாரதக் கதை எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். மத்தியானம் பிரசங்கத்துலயும் சொல்லிடறாங்க. ராத்திரி வர்றவர் கதையைத் தெரிஞ்சுக்க வரல, ஆட்டத்தையும் பாட்டையும் பாக்க வர்றார். நடுவுல தூங்கி எந்திரிச்சாலும் எந்த இடம்னு தெரிஞ்சுடும். துப்பறியும் கதையில முடிச்சு தெரியாம இருக்கறதுதான் சுவையே. பத்து நிமிஷம் தவறினா போச்சு. துருவங்கள் பதினாறு காலத்தை முன்னப்பின்ன மாத்தி மாத்திப் போகுது. திடல்ல அதைக் கோத்துப் பாக்க எத்தனை பேரால முடியும்?

பென்னாகரத்தாள்:
துருவங்கள் பதினாறு விஷயத்துல நீங்க சொல்றது சரி. அது கவனத்தைக் கெட்டியா கேக்கற படம், கதவைச் சாத்திட்டுப் பாக்கணும். ஆனா அந்த நாள் அப்படி இல்ல. படம் தொடங்கின உடனே துப்பாக்கிச் சத்தம், ராஜன்ங்கறவன் விழறான். அதுக்கப்புறம் விசாரணை. தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், காதலி, மனைவின்னு ஒவ்வொருத்தர் பக்கமா சந்தேகம் நகருது. ஒவ்வொரு தடவையும் "அன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு கதை திரும்ப முதல்ல இருந்து வருது. ஏழே முக்காலுக்கு வர்றவருக்கும் அடுத்த சாட்சி சொல்லும்போது எல்லாம் விளங்கிடும். கூத்துல கட்டியங்காரன் வந்து யார் வர்றா, என்ன நடந்துச்சுன்னு சொல்ற வேலையை இந்தப் படத்துல விசாரணையே செஞ்சுடுது. தாமதமா வர்றவங்களுக்காகவே எடுத்த மாதிரி அமைப்பு அது. 1943-ல சென்னையில ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்துல கதை நடக்குதுன்னு மட்டும் முன்னாடி மைக்ல ஒரு வரி சொல்லிடுங்க, போதும்.

இன்னொண்ணு: அதுல பாட்டே கிடையாது. ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கறது சட்டம். மே மாசம் 6.40 வாக்குல பொழுது சாயும், திரை தெரியற அளவு இருட்ட ஏழு தாண்டும். உங்க கையில இருக்கறது மூணு மணி நேரத்துக்கும் குறைவு. பழைய பாட்டுப் படம் பல அந்த நேரத்தை இழுத்துப் பிடிச்சு நிக்கும். கடைசிக் காட்சியை வெட்ட வேண்டி வந்தா எந்த வகைப் படமா இருந்தாலும் பாழ்.

மைக்செட் (அரூர்):
படத்தைப் பத்தியே பேசறீங்க, சத்தத்தைப் பத்தி யாரும் பேசல. மாந்தோப்பு அண்ணன் சிரிப்புப் படம் பத்திரம்னு நினைக்கறார். சிரிப்புப் படம்தான் சத்தத்துல ரொம்ப ஏமாத்தும்.

மைக்கேல் மதன காமராஜன் எடுத்துக்குங்க. கிரேசி மோகன் வசனம், ஒரு எழுத்து மாறினா ஜோக் போச்சு. பாலக்காட்டுத் தமிழ்ல காமேஸ்வரன் பேசறது வேற. கூம்புக் குழாய்ல போட்டா எழுத்து எழுத்தா பிரிஞ்சு கேக்காது, ஒரே இரைச்சலா வரும். அது மட்டும் இல்ல, 300 பேர் சிரிக்கற சத்தத்துல அடுத்த வசனம் மூழ்கிடும். அதுல கமலுக்கு நாலு வேஷம், யார் யாரா நடிக்கறாங்கன்னு வசனத்தை வச்சுத்தான் புரியும். ஆனா சாம்பார்ல மீன் விழற காட்சி எந்தக் குழாய்லயும் நிக்கும், ஏன்னா அது கண்ணுக்கு. காதலிக்க நேரமில்லையில நாகேஷ் பாலையாகிட்ட பேய்க்கதை சொல்ற இடம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. நாகேஷ் வாயாலயே கதவு, காத்துன்னு சத்தம் போடறது மெல்லிசா வரும். பாதி சிரிப்பு பாலையா முகத்துல. சத்தம் சரியில்லன்னா முகம் மட்டும் மிஞ்சும்.

அதனால கூம்பு வேண்டாம். 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு, திரைக்கு ரெண்டு பக்கமும் ஏழு அடி உயரத்துல, கொஞ்சம் கீழ நோக்கி. பின் வரிசைக்குத் தனியா ரெண்டு பெட்டி வைக்கலாம்னு யாராவது சொன்னா, டிலே கருவி (சத்தத்தைக் கொஞ்சம் தாமதிச்சு அனுப்பறது) இல்லாம வைக்காதீங்க. 72 அடி தூரத்துக்கு முன்பெட்டிச் சத்தம் போய்ச் சேர ஏறக்குறைய 63 மில்லி விநாடி ஆகும். பின்பெட்டிச் சத்தம் முதல்ல கேக்கும், முன்பெட்டி அதே சொல்லை மறுபடி சொல்லும், எல்லா வசனமும் ரெட்டிப்பாயிடும்.

வெள்ளித்திரை:
மைக்செட் அண்ணா, லேப்டாப் வயர் விஷயத்தையும் சொல்லிடுங்க. பல ஊர்ல "பாட்டு நல்லா கேக்குது, வசனம் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வருது"ன்னு புகார் வர்றது அதனாலதான்.

மைக்செட்:
ஆமா, அதுதான் முக்கியம். லேப்டாப்போட 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ சத்தத்தை ஒரே வயர்ல மிக்ஸரோட பேலன்ஸ்டு மைக் பாயிண்ட்ல செருகிடறாங்க. மிக்ஸர் இடது பக்கச் சத்தத்துல இருந்து வலது பக்கச் சத்தத்தைக் கழிச்சுடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது எதுவோ அது காணாம போயிடும். வசனம் எப்பவும் நடுவுல, ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். அதனால வசனம் போயிடும், பின்னணி இசை மட்டும் மிஞ்சும். ஒரு பக்கம் ஸ்டீரியோ, மறுபக்கம் தனித்தனியா ரெண்டு மோனோ பின் இருக்கற வயர் வாங்கி ரெண்டு சேனல்ல போடுங்க. இன்னொரு காரணமும் இருக்கு: பிளேயர் 5.1-ல (ஆறு சேனல் சத்தத்துல) ஓடி ரெண்டு பெட்டி மட்டும் இருந்தா, வசனம் வர்ற நடுச் சேனலுக்கு ஆளே இல்ல. பிளேயர் அமைப்புல ஸ்டீரியோன்னு மாத்துங்க.

த்ரில்லர் போட்டோம், ஜனங்க அரை மணியில எந்திரிச்சுட்டாங்கன்னு யாராவது சொன்னா, படத்தைத் திட்டறதுக்கு முன்னாடி அந்த வயரைப் பாருங்க.

எல்லைக்காரன் (தேன்கனிக்கோட்டை):
எங்க பக்கம் ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசறாங்க. இங்க வகையை விட மொழிதான் கேள்வி. பேசும் படம் (1987) போடுங்க. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கன்னடத்துல புஷ்பக விமானா. ஒரு வசனம் கிடையாது. பெங்களூர்ல எடுத்தது, வேலையில்லாத பையன் பணக்காரன் இடத்துல போய் உட்கார்றதுதான் கதை. சிரிப்பும் இருக்கு, பனிக்கட்டிக் கத்தியோட வர்ற கொலைகாரனால திகிலும் இருக்கு. மைக்செட் அண்ணன் சொன்ன வசனக் கவலையே இல்ல.

மாந்தோப்பு:
வசனமே இல்லாத படத்துக்குத் திடல்ல நாலு பேர் பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாதே?

எல்லைக்காரன்:
பேசட்டுமே அண்ணா. பாட்டி பேரனுக்கு "பாரு, கத்தி கரையுது"ன்னு சொல்றதால யாருக்கும் எந்த வசனமும் தவறாது. பேச்சு இடைஞ்சலாகாத படம் திடலுக்கு வேற எது?

பென்னாகரத்தாள்:
கடைசி விவசாயி பத்தி யாரும் பேசலையே. வெயில்ல எடுத்த படம், தெருவிளக்குக் கவலை இல்ல. செத்த மயிலைப் புதைச்ச பெரியவர் மேல வழக்கு, அவர் ஜெயில்ல இருக்கறப்போ பயிருக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் வேணும். இந்த ஊர்ல அந்தக் கவலையை யாரும் விளக்க வேண்டாம். மெதுவா நகர்ற படம்னு ஒதுக்கினா நட்டம் ஊருக்குத்தான்.

மாந்தோப்பு:
அக்கா, அதுல நான் இறங்கி வர மாட்டேன். அது பெரிய படம்தான். ஆனா அதோட அழகு அமைதியில இருக்கு, நூறு அடி தள்ளி டீக்கடை பாட்டு கேக்கற இடத்துல அமைதி கிடைக்காது. திடலுக்குப் பதிலா பள்ளிக்கூடத்துல, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் போடலாம். 60 பேர் வந்தாலும் போதும்.

அந்த நாளுக்கு நீங்க சொன்ன காரணம் எனக்குப் பிடிச்சிருக்கு, மூணாம் ராத்திரி வைக்கச் சொல்றேன். முதல் ராத்திரி காக்கா முட்டை. சீக்கிரம் முடியும், பசங்க மறுநாள் இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வருவாங்க. ரெண்டாம் நாள் காதலிக்க நேரமில்லை, நாலாம் நாள் பேசும் படம், அஞ்சாம் நாள் திருவிளையாடல். மைக்கேல் மதன காமராஜனை, பெட்டியைக் கேட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். கைதி, பீட்சா கிடையவே கிடையாது.

வெள்ளித்திரை:
பசங்க கைதி கேட்டா ஒரு சோதனை வைங்க. திரை நிக்கப் போற இடத்துல ராத்திரி எட்டு மணிக்கு, புரொஜெக்டர் போடாம, தினத்தந்தியை விரிச்சுப் பிடிங்க. பொடி எழுத்து படிக்க முடிஞ்சா இருட்டுப் படம் அங்க எடுபடாது. விளக்குக் கம்பத்துக்கு முதுகைக் காட்டற மாதிரி திரையைத் திருப்பி, பின்னாடி கறுப்புத் துணி கட்டி, மறுபடி பாருங்க. அப்போ தலைப்பைத் தவிர எதுவும் தெரியலைன்னா கைதியையும் போடலாம், நான் ஒத்துக்குவேன்.

மாந்தோப்பு:
சோதனையை வைக்கறேன். இருட்டா இருந்தாலும் இந்த அஞ்சு நாளுக்குள்ள வராது, ஆறாம் ராத்திரின்னு ஒண்ணு இருந்தா பார்க்கலாம்.

மைக்செட்:
மே மாசம் மழை பெய்ஞ்ச ராத்திரி ஈசல் கிளம்பினா நேரா புரொஜெக்டர் வெளிச்சத்துக்குத்தான் வரும், லென்ஸ் மேல மொய்க்கும். திரைக்குப் பின்னாடி 50 அடி தள்ளி ஒரு குண்டு பல்பு எரிய விடுங்க, பலதும் அங்க போயிடும். லாம்ப் வச்ச புரொஜெக்டர்னா 1 கேவிஏ யுபிஎஸ் கட்டாயம். கரண்டு போனா விசிறி நின்னு லாம்ப் சூட்டுலயே போயிடலாம். துணித் திரைக்கு அடிக்கு ஒரு வளையம் வச்சு, பழைய சைக்கிள் ட்யூப் வெட்டின ரப்பர்ல கட்டுங்க. காத்து இழுத்தா ரப்பர் கொடுக்கும், துணி கிழியாது. கீழ்ப் பக்கம் ஒரு இரும்புக் குழாய் செருகுங்க. திரையோட அடி தரையில இருந்து நாலு அடி உயரத்துல இருக்கணும், இல்லைன்னா பாய்ல உட்கார்ந்தவங்க தலை நாற்காலிக்காரங்களுக்கு மறைக்கும்.