எல்.என். 106 ஹைலக்ஸ்: பின் லொக்கரா, முன் லொக்கரா, முதலில் டயரா?

மஸ்கெலியா_டபுள்கெப்:
வண்டி எல்.என். 106 ஹைலக்ஸ் டபுள் கெப், 2.8 லீட்டர் 3எல் டீசல். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், முன்னால் கையால் திருப்பும் ஃப்ரீவீல் ஹப் (முன் சில்லை எக்சலோடு இணைக்கவும் விடுவிக்கவும்), இரண்டு டிஃபும் (எக்சலின் இரு சில்லுக்கும் விசையைப் பிரிக்கும் கியர்த் தொகுதி) சாதா ஓப்பன். தோட்டத்து மேல் மலைக்கு உரம் ஏற்றிப் போய், வெறும் வண்டியாக இறங்குவதுதான் வேலை. கல் பரப்பிய ரோட்டில் சிக்கல் இல்லை. மேலே இருக்கும் களிமண் பகுதியில் மே முதல் செப்டெம்பர் வரை ஒரு பின் சில்லு சும்மா சுற்றும், வண்டி நகராது. இறக்குமதித் தடை 2025இல் நீங்கியும் புது வண்டி விலை எட்டாது. இதையே தயார் பண்ண வேண்டும். ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது. கராஜில் பின்னுக்கு ஏர் லொக்கர் (இரண்டு சில்லும் சேர்ந்து சுற்றும்படி காற்றழுத்தத்தால் டிஃபைப் பூட்டுவது) என்கிறார்கள். சரியா?

ஊவா_ஏர்லைன்:
சரிதான். ஏத்தத்தில் பாரம் பின் எக்சலுக்கு வருகிறது, உரமும் அங்கேதான் இருக்கிறது. ஓப்பன் டிஃப் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒன்று சகதியில் பிடியில்லாமல் சுற்றினால் மற்றதுக்கும் அந்தக் கொஞ்ச விசைதான் கிடைக்கும். லொக்கர் அதைத்தான் உடைக்கிறது. வேண்டாதபோது சுவிட்சை அணைத்தால் சாதா டிஃப்.

ஆனால் பொருத்துகிறவர் கையில் டயல் கேஜ் இருக்க வேண்டும். இந்த 8 அங்குல டிஃபுக்கு கிரவுன் பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். கிரவுன் போல்ட் 97 நியூட்டன் மீட்டர், மரைப் பசையோடு. பேரிங் கெப் இரண்டையும் கழற்றும் முன் சென்டர் பஞ்ச் உளியால் தட்டிக் குறி போடுங்கள், இடம் மாறக்கூடாது. பேக்லாஷ் கையால் ஆட்டிப் பார்த்து வைத்தால் 60 கி.மீ. வேகத்தில் ஊளையிடும், பிறகு பல்லே தேயும்.

களிமண்_சில்லு:
அண்ணே, நீங்கள் சொல்வது நேர் ஏத்தத்துக்குச் சரி. தோட்டத்து ரோடு நேர் ஏத்தம் அல்ல. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மழைத் தண்ணீர் வெளிப்பக்கமாக அரித்து ரோடே பள்ளத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே ஓப்பன் டிஃபில் ஒரு பின் சில்லு சுற்றும்போது மற்றது சுற்றாமல் நிற்கிறது. அந்தச் சுற்றாத சில்லுதான் வாலைப் பிடித்து வைத்திருக்கிறது. லொக்கர் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். சுற்றும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது, வால் நேராகப் பள்ளத்துக்கு இறங்கும். வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கலாம். வால் இறங்கினால் இழுக்க வண்டியே இருக்காது.

கேட்டவரிடம் முதலில் ஒன்று: என்ன டயர், எவ்வளவு காற்று?

மஸ்கெலியா_டபுள்கெப்:
7.00-16, டியூப் உள்ளது, ரிப் பட்டன் (டயர் முகத்தில் நீளவாக்கில் கோடு). எப்போதும் 45 பி.எஸ்.ஐ. மேல் மலையில் இரண்டு வளைவு பள்ளப் பக்கம் சரிவுதான்.

களிமண்_சில்லு:
அதுதான் பதில். ரிப் பட்டன் களியில் ஒரு சுற்றிலேயே நிரம்பி வழுக்கும். லக் பட்டன் (முகத்தில் பெரிய கட்டைகள் உள்ளது), 7.00-16 அளவிலேயே, 4 டயர் வாங்குங்கள். அகலமான டயர் வேண்டாம், ஒடுக்கமானது மேல் களியைக் கிழித்து அடிமண்ணைப் பிடிக்கும். வெறும் வண்டியாக இறங்கும்போது காற்றை 25 பி.எஸ்.ஐ.க்குக் குறையுங்கள். சுமை இருக்கும்போது பின் டயர் காற்றைக் குறைக்காதீர்கள், கல்லில் பக்கச் சுவர் வெட்டுப்படும். டியூப் டயரில் 20க்குக் கீழே போகவே கூடாது: டயர் ரிம்மில் நழுவி, கூடவே டியூபையும் இழுத்து வால்வை அறுத்துவிடும். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு வெண்கட்டிக் கோடு போட்டு வையுங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் நழுவுகிறது என்று அர்த்தம், உடனே காற்றை ஏற்றுங்கள்.

ஸ்பெயார்_பக்கம்:
இரண்டு பேரும் செலவைப் பார்க்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய எல்.எஸ்.டி. டிஃப் (ஒரு சில்லு சும்மா சுற்றுவதைக் கிளட்ச் பிளேட்டால் குறைப்பது) முழுசாகக் கிடைக்கும், கழற்றி மாட்டினால் முடிந்தது. சர்ஃப், பிராடோவில் வந்த எலெக்ட்ரிக் லொக்கர் டிஃபும் உண்டு.

ஊவா_ஏர்லைன்:
எலெக்ட்ரிக் லொக்கர் அப்படியே மாட்டாது. ஹவுசிங் வாயை வெட்ட வேண்டும், சில ஸ்டட்டுகளின் இடத்தை மாற்ற வேண்டும். வெல்டிங்கில் ஹவுசிங் வளைந்தால் எக்சல் சீல் ஒழுகிக்கொண்டே இருக்கும். எதை வாங்கினாலும் பல்லை எண்ணுங்கள்: 41க்கு 10 என்றால் 4.1, 43க்கு 10 என்றால் 4.3, 41க்கு 9 என்றால் 4.556, 39க்கு 8 என்றால் 4.875. முன் டிஃபோடு ஒத்துப்போகாவிட்டால் 4 வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் எக்சலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுகும்.

களிமண்_சில்லு:
பழைய எல்.எஸ்.டி. பற்றி நானும் சொல்கிறேன். உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் அது ஓப்பன் டிஃப்தான். மாட்டிய பிறகு சோதிக்க: கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் இறக்கி, மற்ற மூன்று சில்லுக்கும் கட்டை வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் காசு வீண். எண்ணெயும் எல்.எஸ்.டி. என்று குறித்த ஜி.எல். 5 தான் ஊற்ற வேண்டும். சாதாரண 80டபிள்யூ-90 ஊற்றினால் பிளேட் ஒட்டி ஒட்டி விட்டு, வளைவில் நடுங்கும்.

டயருக்குப் பிறகும் பணம் மிஞ்சினால், முன் டிஃபுக்கு லஞ்ச்பொக்ஸ் லொக்கர் போடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர், சைட் கியரை எடுத்து அந்த இடத்தில் வைப்பது. கேஸ் பழையதுதான், பம்ப் வேண்டாம், வயர் வேண்டாம். 2 பினியன் கேஸா 4 பினியன் கேஸா என்று பார்த்து வாங்குங்கள். பொருத்தியதும் இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி 3.7 முதல் 4.3 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். தார் ரோட்டில் ஹப்பை விடுவித்தால் லொக்கர் இருப்பதே தெரியாது. முன்பக்கம் இழுத்தால் வண்டி தலை போகும் பக்கம் போகும், வால் பின்னால் வரும்.

ஊவா_ஏர்லைன்:
தலை போகும் பக்கம் போகாது, தம்பி. முன் லொக்கர் பிடித்தால் ஸ்டியரிங் நேராகப் போகப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் முழுக்கத் திருப்பி எக்சலேட்டர் கொடுத்தால் பர்ஃபீல்ட் ஜொயிண்ட் (திரும்பும் முன் சில்லுக்கு விசையைக் கடத்தும் இணைப்பு) உடையும். இந்த வண்டியின் பலவீனமே அது. பள்ளப் பக்கம் திரும்ப முடியாமல் நேரே போவதும் ஆபத்துதானே? எனது ஏர் லொக்கரில் சரிந்த வளைவு வருமுன் சுவிட்சை அணைக்கலாம், லஞ்ச்பொக்ஸை அணைக்க முடியாது.

களிமண்_சில்லு:
ஒரு ஹப்பை விடுவித்தால் அணைந்த மாதிரிதான். ஆனால் இறங்கிப் போய்த் திருப்ப வேண்டும், ஒரு முன் சில்லுதான் இழுக்கும். அந்தக் குறை உண்மை. பர்ஃபீல்ட் பற்றிச் சொன்னதும் சரி. முழுத் திருப்பத்தில் எக்சலேட்டரை விட்டுவிட வேண்டும்.

மஸ்கெலியா_டபுள்கெப்:
டயர் முதலில் என்று முடிவு. அதற்குப் பிறகும் மழையில் நின்றால்?

ஊவா_ஏர்லைன்:
நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் ஏற்றி, லோ முதல் கியரில் மெதுவாகக் கொடுங்கள். பின் டிரம் சுற்றும் சில்லைப் பிடித்தால் மற்றதுக்கு விசை போகும். அதிக நேரம் செய்யாதீர்கள், டிரம் சூடேறும். பலன் கிடைக்கிறதென்றால் உங்களுக்குப் பின் லொக்கர் உதவும் என்று அர்த்தம். சரிந்த அந்த இரண்டு வளைவில் மட்டும் அதை அணைத்து வையுங்கள். லொக்கர் போட்டால் காற்றுக்குழாயை சைலன்சருக்குத் தூரமாகக் கட்டுங்கள், டிஃப் மூச்சுக்குழாயை ரப்பர் ஹோஸால் வண்டியின் பொடி (உடல்) வரை உயர்த்துங்கள். சூடான டிஃப் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே தண்ணீரை உறிஞ்சும், எண்ணெய் பால் நிறமாகும். காற்று வால்வு வாயில் எண்ணெய் கசிந்தால் உள்ளே ஓ-ரிங் போய்விட்டது.

களிமண்_சில்லு:
முன் லொக்கர் யோசித்தால் அதற்கு முன் நக்கிளை (முன் சில்லு திரும்பும் மூட்டு) திறந்து பாருங்கள். உள்ளே கிரீஸ் கெட்டியாக இல்லாமல் கூழாக இருந்தால் எக்சல் எண்ணெய் சீல் போய், டிஃப் எண்ணெய் கலந்துவிட்டது. அந்தச் சீல், மொலிப்டினம் கிரீஸ் இரண்டையும் மாற்றிய பிறகு, வெற்று நிலத்தில் 4 வீல் போட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வட்டம் அடியுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் ஜொயிண்ட் தேய்ந்திருக்கிறது, அந்த எக்சலுக்கு லொக்கர் போடக்கூடாது.