மலாக்கா ஜோங்கர் தெரு சந்தை: சாப்பாட்டுக்காகப் போகலாமா?

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூரிலிருந்து அம்மா, அப்பாவோடு மலாக்கா போகிறோம், சனிக்கிழமை ராத்திரி அங்கேதான் தங்கல். ஜோங்கர் தெருவில் வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சந்தை போடுகிறார்களே, அதற்குச் சாப்பாட்டை நம்பிப் போகலாமா? இல்லை, சாவிக்கொத்து, டிஷர்ட் கடைகள்தான் அதிகமா?

எனக்குப் பெரிய ஆசை செண்டோல் மேல். சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், பச்சை நிற அரிசிமாவு இழைகள், அதன் மேல் கெட்டியாக வழியும் குலா மலாக்கா என்னும் தென்னைவெல்லப் பாகு. வெறும் சீனிப்பாகு ஊற்றாமல் நல்ல தென்னைவெல்லப் பாகு ஊற்றும் கடை எது? அப்பாவுக்குக் கோழிச்சோற்று உருண்டை வேண்டும். அது சந்தை நேரத்திலும் கிடைக்குமா, இல்லை மதியமே போய்விட வேண்டுமா?

அம்மா சுத்த சைவம், அதுதான் கவலை. லக்சா நூடுல்ஸ் குழம்பில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும், சாத்தே செலுப்பில் இறைச்சி, காய்கறி செருகிய எல்லாக் குச்சியையும் ஒரே குழம்புச் சட்டியில்தான் முக்குவார்கள். அவர் வயிறாரச் சாப்பிட அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

பகலில் 1781-இல் மலாக்கா செட்டிகள் (பழங்காலத்தில் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்) கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போவோம், பக்கத்துத் தெருதானே. செட்டிகள் வீட்டுச் சமையல் கிடைக்கும் இடம் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள், அதற்காக எவ்வளவு தூரமும் நடப்பேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டம் நெரிக்காத நேரம் எது என்பதும் தெரிய வேண்டும்.