என்க்ரோசாட் வழக்கு: இடைமறித்த செய்தி சாட்சியம் ஆகாது என்றால் இது எப்படி ஆனது?

சட்ட மாணவி:
மாதிரி நீதிமன்றப் போட்டியில் எனக்கு என்க்ரோசாட் வழக்கு வந்திருக்கிறது. என்க்ரோசாட் என்பது செய்திகளை மறையாக்கி (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) அனுப்பும் தனிக் கைபேசிகளை விற்ற சேவை. எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நான் வாதாட வேண்டும். களம் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை பிரெஞ்சு ஜெந்தார்மரி (ராணுவ அமைப்பிலான காவல் படை), பிரான்ஸின் ரூபே நகரில் இருந்த சர்வர் வழியாக அந்தக் கைபேசிகளுக்குள் உளவு மென்பொருளை இறக்கிச் செய்திகளை அள்ளியது. பிரிட்டன் பயனர்களின் செய்திகள் அந்நாட்டுத் தேசியக் குற்ற முகமைக்குப் போயின. ஆனால் பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தின் 56ஆம் பிரிவு, இடைமறித்த செய்தியைச் சாட்சியமாக வைக்கத் தடை விதிக்கிறது. அப்படியிருக்க 2021 பிப்ரவரியில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் செய்திகளைச் சாட்சியமாக எப்படி ஏற்றுக்கொண்டது?

மதுரை வழக்கறிஞர்:
56ஐ மட்டும் படித்தால் விடை கிடைக்காதம்மா, 4ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். போய்க்கொண்டிருக்கும் செய்தி வேறு, அமைப்பில் சேமிக்கப்பட்டிருக்கும் செய்தி வேறு. முன்னதை எடுத்தால் சாட்சியம் ஆகாது. பின்னதை, கருவிக்குள் ஊடுருவ முறையான வாரண்ட் இருந்தால், எடுக்கவும் வைக்கவும் செய்யலாம். எடுத்த நேரத்தில் செய்தி சேமிப்பில்தான் இருந்தது என்று தலைமை நீதிபதி பர்னட் பிரபு தலைமையிலான அமர்வு சொல்லிவிட்டது.

சட்ட மாணவி:
அனுப்பு பொத்தானை அழுத்துகிற கணத்திலேயே எடுத்தால் அதுவும் சேமிப்பா? நம்பவே முடியவில்லை, ஐயா.

மென்பொருள்காரன்:
தொழில்நுட்பப் பக்கம் நான் சொல்கிறேன். யாரும் மறையாக்கத்தை உடைக்கவில்லை. பயனர் தட்டச்சு செய்த செய்தி, மறையாக்கம் ஆகும் முன்பு, கைபேசியின் ரேம் நினைவகத்தில் வெறும் எழுத்தாக இருக்கும். உளவு மென்பொருள் எடுத்தது அதை. கம்பியிலும் காற்றிலும் போனதோ மறையாக்கப்பட்ட வடிவம். எடுத்ததும் அனுப்பியதும் ஒன்றல்ல என்பதை நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. ரேமில் நொடிப்பொழுது தங்குவதைச் சேமிப்பு என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் தீர்ப்பு அப்படித்தான்.

பார்வையாளர்:
ஆறு மாதத்துக்கு 1,500 பவுண்டு கொடுத்து, கேமராவையும் மைக்கையும் பிடுங்கிய ஃபோன் வாங்குகிறவன் யோக்கியனா? அவனுக்கு என்ன அந்தரங்கம்?

மதுரை வழக்கறிஞர்:
பெரும்பாலானோர் போதைக் கடத்தல்காரர்களாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உலகெங்கும் சுமார் 60,000 பயனர்கள். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே சந்தேகத்துக்குக் காரணம் காட்டி யாரும் உத்தரவு வாங்கவில்லை. அந்த ஃபோனை வைத்திருந்ததே காரணமானது. நாளை வேறொரு செயலிக்கும் இதே கணக்கைப் போட்டால் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?

மாணவிக்கு: சேமிப்பா, பயணமா என்ற சண்டையை மீண்டும் தொடங்காதீர்கள். அங்கே தோற்றாகிவிட்டது. உளவுக் கருவி எப்படி வேலை செய்தது என்பதைப் பிரான்ஸ் தேசியப் பாதுகாப்பு ரகசியம் என்று மூடிவிட்டது. அந்நாட்டு அரசியலமைப்பு மன்றமும் 2022 ஏப்ரலில் அதைச் சரி என்றது. அதே ஆண்டு அக்டோபரிலோ, தரவின் நம்பகத்துக்கான சான்றிதழ் கோப்பில் இல்லை என்பதற்காக ஒரு வழக்கின் தீர்ப்பை பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எப்படி எடுத்தார்கள் என்றே தெரியாத ஒன்றை எதிரி தரப்பு எப்படிக் குறுக்கு விசாரணை செய்யும்? உங்கள் பலம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

சட்ட மாணவி:
அப்படியானால் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 30 தீர்ப்பு எனக்குச் சாதகம்தானே? பெர்லின் நீதிமன்றம் அனுப்பிய கேள்விகளுக்கான பதில் அது. முடிவைத் தீர்மானிக்கக்கூடிய சாட்சியத்தின் மீது எதிரி தரப்பு உருப்படியாகக் கருத்துச் சொல்ல முடியாவிட்டால் அதை விலக்க வேண்டும் என்கிறது.

லண்டன் தமிழன்:
நில்லுங்கள் தங்கை. பிரிட்டன் 2020 ஜனவரியிலேயே ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது. அந்தத் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டாது. எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், அவ்வளவுதான். அதை முதல் வாதமாக வைத்தால் நீதிபதி இரண்டாவது நிமிடத்தில் உங்களை மடக்குவார். இங்கே ஆயுதம் வேறு: 1984ஆம் ஆண்டு காவல்துறை மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் 78ஆம் பிரிவு. விசாரணையின் நியாயத்தைக் கெடுக்கும் சாட்சியத்தை நீதிபதி விலக்கலாம். கூடவே நியாயமான விசாரணைக்கு உரிமை தரும், ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 6ஆம் கூறு. அதற்குப் பிரிட்டன் இன்றும் கட்டுப்பட்டிருக்கிறது.

சட்ட மாணவி:
நன்றி அண்ணா. 78ஆம் பிரிவை மேல்முறையீட்டில் புதிதாக எழுப்பலாமா?

மதுரை வழக்கறிஞர்:
விசாரணை நீதிமன்றத்திலேயே எழுப்பியதாகப் போட்டிக் குறிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அங்கே ஏன் எழுப்பவில்லை என்ற கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.