அம்மாபேட்டை வாடகை வீட்டில் கூரை பெயர்கிறது, யாரிடம் மனு கொடுப்பது?

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். அம்மாபேட்டையில் ஆறு வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வாரம் மழையில் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. தொட்டாலே செதில் செதிலாக உதிர்கிறது. பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தால் மணல் கொட்டும். குழம்புச் சட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. "எங்கப்பா கட்டுன வீடும்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறார். அப்பா கட்டி நாற்பது வருடம் ஆகிவிட்டதே!

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தைப் படித்தேன். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு மாதிரி சில்லறை வேலைகள் நம்முடையது. ஆனால் எங்களிடம் எழுத்து ஒப்பந்தமே இல்லை. அட்வான்ஸுக்கும் ரசீது கிடையாது.

இங்கே வாடகை அதிகாரியிடம் (அந்தச் சட்டப்படி வீட்டுக்காரர்-குடியிருப்பவர் புகார்களை விசாரிப்பவர்) மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒப்பந்தம் இல்லாமல் விசாரிப்பார்களா? அல்லது மாநகராட்சி மண்டல அலுவலகம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் என்று போவது நல்லதா? அப்புறம், கூரையைப் பார்த்து எழுத்தில் சான்று தரும் இன்ஜினியர் எவ்வளவு வாங்குவார்?

பிள்ளைகள் பள்ளி பக்கத்திலேயே இருப்பதால் இப்போது காலி செய்ய முடியாது. "வேறு வீடு பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.